கட்டிலின் கயிறும் லாரியின் முதுகும்

கயிற்றுக் கட்டிலை மேடு பள்ளமான வாசலில் எந்த மூலையில் போட்டாலும் ஆடாது. நாலு காலும் தரையைத் தொட்டு நிற்கும். அதே வாசலில் இரும்பு மேசை ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஒரு கால் அந்தரத்தில் தொங்கும்; அதற்கு அடியில் அட்டையை மடித்துச் செருக வேண்டியிருக்கும். மேசையைச் செய்தவர் கெட்டியாகச் செய்திருக்கிறார், அதுதான் அதன் கோளாறு. கட்டிலின் மூட்டுகளில் கொஞ்சம் இளக்கம் உண்டு. படுப்பவரின் பாரம் ஏறியதும் சட்டம் தன்னைச் சற்றே முறுக்கிக்கொண்டு தரைக்கு இணங்கிப் போகிறது. இந்த அத்தியாயம் அந்த இளக்கத்தின் கதை. கட்டிலில் தொடங்கிவிட்டோம், இனி லாரிக்குப் போவோம்.

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் சில வருடங்களுக்கு முன்புவரை ஒரு காட்சி சாதாரணம். கேபின் இல்லை, பாடி இல்லை. இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள், ஒரு இன்ஜின், ஆறு சக்கரம். பலகை ஒன்றைக் கட்டி உட்கார்ந்துகொண்டு, தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றிய ஓட்டுநர் எதிர்க்காற்றில் கண்ணைச் சுருக்கியபடி ஓட்டிக்கொண்டு வருவார். ஆலையில் பிறந்த எலும்புக்கூடு, உடம்பு வாங்க நாமக்கல்லுக்குப் போகிறது. இப்போது பெரும்பாலான வண்டிகளுக்கு கேபின் கம்பெனியிலேயே வந்துவிடுகிறது. ஆனால் கேபினுக்குப் பின்னால் இருக்கும் முதுகு இன்னும் பட்டறையின் கையில்தான்.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்ற முக்கோணத்தில் இந்தத் தொழில் வேர்விட்டதற்குக் காரணம் தேட ரொம்பத் தூரம் போக வேண்டியதில்லை. சங்ககிரியில் சிமென்ட், சேலத்தில் வெள்ளைக்கல், சுற்றிலும் மரவள்ளிக் கிழங்கு, நாமக்கல்லில் முட்டை. நாமக்கல் நகரத்துக்கோ 2013-ல்தான் ரயில் வந்தது. எல்லாம் சாலையில்தான் போயாக வேண்டும். ஒவ்வொரு லோடுக்கும் ஒவ்வொரு விதமான முதுகு. முட்டை வண்டி வேறு, கோழித்தீவன வண்டி வேறு. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியின் முதுகில் ஒரு தொழிற்சாலையே நிற்கிறது. கேஸ் டேங்கர் இன்னொரு சாதி.

அப்படி ஒரு பட்டறையில் நான் நின்றிருந்த நாளில் ஒருவர் வந்தார். மரம் வெட்டும் காண்ட்ராக்ட் எடுப்பவர். மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தும் நாட்களில் கம்பியை உரசும் கிளைகளைக் கழிப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி வேலையும், காற்றில் சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்தும் வேலையும் அவருக்கு. இதுவரை டிராக்டரில் கிளைகளை அப்படியே அள்ளிப் போட்டுக் கொண்டுபோயிருக்கிறார். மலைபோலத் தெரியும் லோடு. எடை போட்டால் ஒன்றுமில்லை. கிளைக்கும் கிளைக்கும் நடுவில் இருப்பது காற்று. டீசல் செலவழித்துக் காற்றை ஏற்றிப் போகிறோம் என்று அவருக்கே உறைத்துவிட்டது. சிப்பர் இயந்திரம் ஒன்று வாங்கப் போகிறாராம். கிளையை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் சில்லு சில்லாகக் கக்கும். ஜெர்மனியில் பீட்டர் யென்சன் என்பவர் 1884-ல் செய்த கருவியின் வாரிசு. கக்கும் சில்லைப் பிடிக்க லாரியில் ஒரு பெட்டி வேண்டும்.

"நல்லா கெட்டியா இருக்கோணும்ங்க. காசு பத்தி ஒண்ணுமில்ல" என்றார்.

பட்டறைக்காரர் அவர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்ளாதவர்போல, "லோடு எத்தன எடைங்க வரும்? பச்சையா, காஞ்சதா?" என்று கேட்டார்.

சரியான கேள்வி. லாரிப் பெட்டியின் அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.

பச்சைச் சவுக்குக் கட்டை கனமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன். அதைச் சில்லாக்கினால் அதே மரம் இரண்டரை, மூன்று கனமீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். தொழிலில் இதை 'சிப்ஸ்' என்றே சொல்கிறார்கள். ஆக ஒரு கனமீட்டர் சிப்ஸ் 350 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது லாரிக்கு வாருங்கள். இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை மத்திய அரசு 2018-ல் 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. பாடியோடு வெறும் வண்டி 7 டன் என்றால் லோடுக்கு மிஞ்சுவது பதினொன்றரை டன். தரைப் பலகை 6 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம். பதினொன்றரை டன் சிப்ஸை இதில் கொட்டினால் 2.4 மீட்டர் உயரத்துக்கு நிற்கும். அதே எடைக்குச் சேலத்து வெள்ளைக்கல்லைக் கொட்டினால்? அரை மீட்டர். முழங்கால் உயரக் குவியல்.

வெள்ளைக்கல் ஏற்றுபவருக்கு எடை முதலில் தீர்ந்துபோகிறது, இடம் காலியாகக் கிடக்கிறது. சிப்ஸ் ஏற்றுபவருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தீர்கின்றன. சாலையிலிருந்து லாரியின் தரைப் பலகை ஒன்றேகால் மீட்டர் உயரம். அதன் மேல் 2.4 மீட்டர் சேர்ந்தால் 3.65. சரக்கு வண்டியின் உயர வரம்பு வெகுகாலம் 3.8 மீட்டராக இருந்து 2020-ல் 4 மீட்டரானது. பழைய வரம்புக்குள்ளேயே பதினைந்து சென்டிமீட்டர் மிச்சம் வைத்து அடங்கிவிடுகிறது. வண்டியைச் செய்தவர்களும் சட்டம் எழுதியவர்களும் சவுக்கு மரத்தை மனதில் வைத்திருக்க வாய்ப்பில்லை. என்றாலும் கணக்கு இப்படி வந்து பொருந்தும்போது ஒரு சந்தோஷம்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். பதினொன்றரை டன் பச்சைச் சிப்ஸ் ஏற்றிய லாரி, ஐந்து டன்னுக்கு மேல் தண்ணீரைச் சுமந்துகொண்டு போகிறது. கோடையில் குடிநீர் லாரிக்குக் குடத்தை வரிசை வைக்கும் ஊர் வழியாகவே போகிறது.

உயர்ந்த லோடுக்கு ஒரு விலை உண்டு. வெள்ளைக்கல் லோடோடு நிற்கும் வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 1.3 மீட்டர். சிப்ஸ் லோடில் அது 1.9 மீட்டருக்கு ஏறிவிடும். வளைவில் வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும் விசைக்கு இந்த உயரம்தான் நெம்புகோல். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. 15 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்றில் வெள்ளைக்கல் வண்டி காகிதக் கணக்குப்படி மணிக்கு 37 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரத்தைத் தூக்கும் என்றால், சிப்ஸ் வண்டி 31-லேயே தூக்கிவிடும். காகிதக் கணக்கு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது வண்டியை ஒரே கல்லாகப் பாவிக்கிறது. நிஜத்தில் பட்டை ஸ்பிரிங் ஒரு பக்கம் அமுங்கும், டயர் நசுங்கும், பெட்டி வெளிப்பக்கம் சாயும். ஆபத்து இன்னும் குறைந்த வேகத்திலேயே வந்துவிடும். எடை ஒன்றுதானே என்று நினைத்து ஓட்டுபவர் ஏமாந்து போவது இங்கேதான்.

சரி, சுவர் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்? காண்ட்ராக்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் தகடு போட ஆசை. பட்டறைக்காரர் சிரித்தார்.

குவியலாக நிற்கும் பொருள் சுவரைத் தள்ளும் விதம் தண்ணீர் தள்ளும் விதம் அல்ல. ஷார்ல் கூலும் என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் கரீபியன் தீவான மார்ட்டினிக்கில் கோட்டை கட்டியவர். மண் சுவரைத் தள்ளும் விசைக்கு 1773-லேயே கணக்குப் போட்டு வைத்தார். பிற்பாடு மின்னூட்ட விசைக்கு விதி சொன்னாரே, அவரேதான். மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள உராய்வு குவியலின் பாரத்தில் பெரும்பகுதியைத் தானே பிடித்துக்கொள்கிறது. சுவருக்கு வருவது மிச்சம்தான். சிப்ஸ் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும் ஜாதி. 2.4 மீட்டர் உயரக் குவியல் ஒரு பக்கச் சுவர் முழுவதையும் சேர்த்து இரண்டு டன் அளவுக்குத்தான் தள்ளும். அதே பெட்டியில் தண்ணீர் நிரப்பினால் 17 டன்.

ஆகவே மெல்லிய தகடு போதும். ஆனால் மெல்லிய தகடு படபடக்கும், உப்பும். தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். இதற்குப் பட்டறையில் வைத்திருக்கும் மருந்து மடிப்பு. பனையோலை விசிறியைப் பாருங்கள். ஓலை காகிதத்தைவிடச் சற்றுத்தான் தடிமன். மடிப்பு மடிப்பாக இருப்பதால் காற்றை எதிர்த்து விறைத்து நிற்கிறது. லாரித் தகட்டில் ஒரு சாணுக்கு ஒன்றாக அழுத்திவிடும் வரிகள் அலங்காரமென்று நான் சிறுவயதில் நினைத்திருந்தேன். அவை பனையோலையின் மடிப்பு. இந்தப் பெட்டியின் நாலு சுவருக்கும் சேர்த்துத் தகட்டில் ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் 300 கிலோவுக்கு மேல் எடை ஏறும். இரண்டு மில்லிமீட்டர் தகட்டில் வரி போட்டால் ஆகிற காரியத்துக்கு ஐந்து போட்டால், ஒவ்வொரு நடையும் கிட்டத்தட்ட ஒரு டன் லோடை இரும்பாகச் சுமந்து திரிய வேண்டும். முன்சுவர் மட்டும் விதிவிலக்கு. சிப்பரின் வாய் சில்லை அந்தச் சுவரின் மீதுதான் வீசி அடிக்கும்; அங்கே மட்டும் தடித்த தகடு. சில்லோடு சேர்ந்து சிப்பர் ஊதித் தள்ளும் காற்று வெளியேற வழி இல்லையென்றால் அது திரும்பி வந்து சில்லையும் தூசியையும் வேலைக்காரர் முகத்தில் துப்பும். மேலே கம்பி வலை அடித்த சன்னல்கள் வைக்கிறார்கள். காற்று போகும், சில்லு தங்கும்.

இதுவரை பெட்டியைப் பற்றிப் பேசினோம். சங்கடம் பெட்டியில் இல்லை, பெட்டியும் அதைத் தாங்கும் சேஸிஸும் சேரும் இடத்தில் இருக்கிறது.

சேஸிஸின் இரண்டு நெடுஞ்சட்டங்களும் குழாய்கள் அல்ல. 'ப' எழுத்தைச் சாய்த்து வைத்த மாதிரி ஒரு பக்கம் திறந்த சேனல்கள். ஏன் திறந்து விட்டார்கள்? திருச்செங்கோட்டிலோ பள்ளிபாளையத்திலோ தறிக்காரர் யாரிடமாவது துணி சுற்றும் அட்டைக் குழாய் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் பிடித்து முறுக்குங்கள், அசையாது. இப்போது கத்தியால் நீளவாக்கில் ஒரே ஒரு கோடு கிழித்துவிட்டு முறுக்குங்கள். துணி பிழிவதுபோல முறுகும். அட்டை அதே அட்டை. குழாயின் வட்டம் முறிந்ததுதான் வித்தியாசம். முறுக்கும்போது எழும் விசை குழாயைச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். கிழித்த இடத்தில் பாதை அறுந்துபோகிறது. 1855-ல் பிரான்சின் சான் வெனான் இதை முறையாகக் கணக்கிட்டார். 250 மில்லிமீட்டர் உயரமும் 75 மில்லிமீட்டர் அகலமும் 7 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு சேனலை எடுத்து, திறந்த பக்கத்தை அதே தடிமன் தகட்டால் மூடிவிட்டால், வளைவுக்கு எதிரான பலம் ஏதோ கொஞ்சம் கூடும். முறுக்குக்கு எதிரான விறைப்பு முந்நூறு மடங்குக்கு மேல் கூடும்.

முந்நூறு மடங்கு இலவசமாகக் கிடைப்பதைச் சேஸிஸ் செய்பவர்கள் வேண்டாம் என்கிறார்கள். கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பாதையில் லாரியின் முன்பக்க இடது சக்கரம் மேட்டில் ஏறும், பின்பக்க வலது சக்கரம் அதே சமயம் வரப்பில் ஏறும். ஸ்பிரிங் தன்னால் ஆனமட்டும் கொடுக்கும். அதற்கு மேல் சட்டமே முறுகிக் கொடுத்தால்தான் மற்ற சக்கரங்களும் தரையில் நிற்கும், பிரேக் பிடிக்கும், இழுவை கிடைக்கும். முறுகுவது லாரிச் சட்டத்தின் பலவீனம் என்று நினைப்பவர்கள் உண்டு. சக்கரம் அந்தரத்தில் தொங்கும் வண்டியை ஒருமுறை சேற்றிலிருந்து இழுத்துப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும்.

இப்போது சிக்கல் தெரிகிறதா? காண்ட்ராக்டர் கேட்கும் பெட்டிக்குத் தரை உண்டு, இரண்டு பக்கச் சுவர் உண்டு, சில்லு பறக்காமல் இருக்கக் கூரையும் உண்டு. தரை, சுவர், கூரை, சுவர். சுற்று முடிந்தது. அட்டைக் குழாய் தயார். மணல் லாரியின் பாடிக்குக் கூரை கிடையாது. அது கிழித்த குழாய், சேஸிஸோடு சேர்ந்து முறுகிக்கொள்ளும். சிப்ஸ் பெட்டி முறுகாது. முறுகும் ஒன்றின் முதுகில் முறுகாத ஒன்றை இறுகக் கட்டினால் இரண்டில் ஒன்று தோற்றாக வேண்டும். பெட்டியின் மூலை வெல்டிங் விடும், இல்லாவிட்டால் கேபினுக்குப் பின்னால் சேஸிஸில் மயிரிழைக் கீறல் விழும். கீறல் விழுந்ததும், "இன்னும் ரெண்டு பிளேட் வெச்சு வெல்டு அடிங்க" என்பார்கள். அது இன்னும் விறைப்பு. அடுத்த கீறல் பிளேட்டின் ஓரத்திலேயே விழும். நம் ஊரில் கெட்டி என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதையில் பாதியை இளக்கத்துக்குக் கொடுத்திருந்தால் எத்தனையோ சேஸிஸ்கள் பிழைத்திருக்கும்.

பட்டறைக்காரர் செய்ததைக் கிட்டே நின்று பார்த்தேன்.

சேஸிஸ் மேல் நேரடியாக இரும்பை வைக்கவில்லை. முதலில் நீளவாக்கில் மரப்பட்டை. இரும்பும் இரும்பும் உரசினால் நாளடைவில் ஒன்றையொன்று தின்னும். நடுவில் மரம் இருந்தால் அது அமுங்கிக்கொடுத்து, சேஸிஸின் ரிவெட் தலைகளையும் உள்வாங்கிக்கொண்டு, பாரத்தைப் பரப்பிவிடும். சைலன்சர் பக்கம் வரும் இடத்தில் மட்டும் மரத்தை விட்டுவிட்டு இரும்பு வைத்தார். அதன் மேல் பெட்டியின் அடிச்சட்டம். கேபின் பக்கம் முடியும் அதன் நுனியைச் சதுரமாக வெட்டாமல் கலப்பையின் கொழுபோலச் சீவிவிட்டார். திடீரென்று ஓரிடத்தில் விறைப்பு முடிந்தால் வளைவு முழுவதும் அந்த ஒரே கோட்டில் வந்து குவியும். சீவிவிட்டால் படிப்படியாக இறங்கும். மூங்கிலும் அடியிலிருந்து நுனிக்குச் சிறுத்துக்கொண்டே போய்த்தான் காற்றில் தப்பிக்கிறது.

பிறகு கட்டுவது. பின்பக்கம், சக்கரங்களுக்கு மேலே, அசையாத பிளேட் கட்டு. நடுவில் யூ போல்ட். யூ போல்ட்டை முடுக்குமுன் சேனலின் வாய்க்குள் ஒரு மரக்கட்டையை அண்டை கொடுத்தார். இல்லாவிட்டால் முடுக்கும் வேகத்தில் சேனலின் உதடு உள்ளே மடங்கிவிடும். முன்பக்கம் வந்ததும் போல்ட்டின் கீழே ஒரு சுருள் ஸ்பிரிங்கைக் கோத்தார். சேஸிஸ் முறுகும்போது பெட்டியின் முன்பக்கம் ஒரு விரற்கடை தூக்கிக்கொடுத்து மறுபடியும் உட்காரும். டேங்கர் மாதிரி இன்னும் விறைத்த முதுகுகளுக்குப் பின்னால் இரண்டு, முன்னால் நடுவில் ஒன்று என்று மூன்றே இடத்தில் தாங்கும் முறையும் உண்டு. முக்காலி எந்தத் தரையிலும் ஆடுவதில்லை என்ற பழைய உண்மைதான். சேஸிஸின் மேல் உதட்டிலோ கீழ் உதட்டிலோ எங்கேயும் ஓட்டை போடவில்லை, வெல்டு வைக்கவில்லை. வளைவின் இழுவிசையும் அழுத்தமும் உச்சத்தில் இருப்பது அந்த உதடுகளில்தான். அங்கே ஒரு வெல்டு என்பது கீறலுக்கு வைத்த அழைப்பிதழ்.

"இங்க மட்டும் ஏனுங்க ஸ்பிரிங்?" என்றார் காண்ட்ராக்டர், கொஞ்சம் சந்தேகத்தோடு.

"வண்டி மூச்சு விடோணுமில்லீங்க."

இறக்குவதைப் பற்றி இரண்டு வார்த்தை. சிப்ஸ் கோத்துக்கொள்ளும் பொருள் என்றேன். அது நாற்பத்தைந்து பாகை சரிவில்கூடச் சரியாமல் நிற்கும். பெட்டியைச் சரித்துக் கொட்டும் டிப்பரை நன்றாகவே தூக்க வேண்டும். அதனால் பெட்டியைப் பின்பக்கம் போகப்போக ஓர் அங்குலம் அகலமாக வைக்கிறார்கள். மொத்தமும் ஒரே கட்டியாக நழுவி விழும், சுவரில் சிக்காது. தூக்கிய டிப்பரின் உயரம் வளைவில் சொன்ன நெம்புகோலை இன்னும் நீளமாக்கிவிடும் என்பதால் சமதரையில் மட்டுமே தூக்க வேண்டும்.

அப்புறம் துரு. பச்சை மரம் புளிப்பு. அதிலிருந்து கசியும் சாறு இரும்பை அரிக்கும். வேல மரம், ஆவாரை போன்றவற்றின் பட்டையைத் தோல் பதனிட உபயோகித்தார்கள், அவற்றின் துவர்ப்புக்காக. அந்தத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருநீலம். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய அதே வேதியியல். ஈரச் சிப்ஸை இரண்டு நாள் விட்டுவைத்த பெட்டியின் தரையில் மை கொட்டியதுபோலக் கறை படிந்திருக்கும். அதற்குள் குவியலுக்குள் கையை விட்டால் சுடும். நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கியிருக்கும். தரையின் மூலைகளில் நீர் வடியத் துளையும், சாயங்காலமே இறக்கிவிடும் பழக்கமும் எந்தப் பெயிண்டையும்விட நல்ல பாதுகாப்பு. இறக்க இடமா இல்லை? செங்கல் சூளையும் கொதிகலனும் இந்தப் பக்கம் நிறையவே உண்டு. பட்டையும் இலையும் இல்லாத சுத்தமான சவுக்கு, தைலமரச் சில்லுக்குக் காகித ஆலைகள் இருக்கின்றன. பள்ளிபாளையத்துச் சேஷசாயி நிறுவனம் 1960-ல் தொடங்கப்பட்டது, கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் 1979-ல் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம். தெருவோரக் கிளையின் சில்லில் இலையும் பட்டையும் கலந்திருக்கும், அது காகிதத்துக்கு ஆகாது. அடுப்புக்கும் எருவுக்கும் ஆகும்.

வண்டியை எடுக்க வந்த அன்று காண்ட்ராக்டர் பெட்டியைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். பட்டறைக்காரர் சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றைச் சொன்னார். புது வண்டி எடுக்கும் எல்லோருக்கும் அதையே நானும் சொல்கிறேன். முதல் சில லோடுகளில் அடியிலுள்ள மரம் அமுங்கும், யூ போல்ட் தளர்ந்துவிடும். அது கட்டியவரின் குறையல்ல, மரத்தின் குணம். ஒரு வாரம் ஓட்டிவிட்டு வண்டியைத் திரும்பப் பட்டறைக்குக் கொண்டுவந்து போல்ட்டுகளை ஒரு சுற்று முடுக்கிக்கொண்டு போங்கள். முன்பக்க ஸ்பிரிங்கை மட்டும் யாரையும் இறுக்க விடாதீர்கள்.